ஸ்டிக்கர் வைத்தியம்

1983-ல் நியூயார்க் மேயர் எட் காச் நிர்வாகம் பாழ்வீட்டுக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தது. சவுத் பிராங்ஸில் எரிந்தும் இடிந்தும் கிடந்த குடியிருப்புகள். வரி பாக்கியால் பல நகராட்சி தலையிலேயே விழுந்தவை. அவற்றின் ஜன்னல்களில் வினைல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். திரைச்சீலை, பூந்தொட்டி, எல்லாம் படம்தான். கிராஸ் பிராங்ஸ் நெடுஞ்சாலையில் காரில் பறக்கிறவருக்கு உள்ளே யாரோ குழம்பு தாளிப்பதுபோலத் தோன்றினால் போதும். அந்தத் தெருவாசிகளிடம் வைத்தியம் பலிக்காது. அவர்கள் நடந்து போகிறவர்கள்.

பிற்பாடு பல அமெரிக்க நகரங்கள், ஜப்தி வீட்டைப் பதிவு செய், புல்லை வெட்டு என்று வங்கிகளுக்குச் சட்டம் போட்டன. 2008 வீட்டுக்கடன் நெருக்கடியிலோ அந்தக் கடன் பத்திரம் கைமாறிக் கைமாறி, வீடு யாருடையதென்று வங்கிக்கே குழப்பம். நகராட்சிக்காரர்கள் நோட்டீசைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தார்கள், உள்ளே படிக்க ஆளில்லாத கதவில்.