மிதிகட்டை இலக்கணம்: மேசைக்கடியிலிருந்து ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

கணினியை இயக்கும் உடலுறுப்புகளை ஆராய்ந்தோர் பெரும்பாலும் விரலிலும் மணிக்கட்டிலும் நின்றுவிட்டமையால், அதே மேசைக்கடியில் நாள் முழுதும் காரணமின்றி ஆடிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் ஆய்வுலகின் கண்ணில் படாமலே போயின. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வோர், விசைகளைவிட்டுக் கையை எடுக்காமலே ஒலியை ஓட்டவும் நிறுத்தவும் பின்னுக்கு இழுக்கவும் காலால் அழுத்திவந்த பழைய அலுவலக மிதிகட்டையே இவ்வாய்வின் பொருள். அதனை இன்றைய கணினிக்கு உள்ளீட்டுக் கருவியாக மாற்றுதல் இதன் களம். மேசையின் நான்கு கால்கள் இதன் எல்லை.

பெயரியல்

இக்கருவியை அன்றாடம் மிதித்தோர் அனைவரும் அதனைப் ‘பெடல்’ என்றே வழங்கினர் என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிவதால், அச்சொல் ஆய்வுக்கு உகந்ததன்று. ‘கால்மிதி’ என்பாருக்கு அது வாசலில் கிடப்பது என்றும், ‘மிதியடி’ என்பாருக்கு அது வாசலில் கழற்றிவிடுவது என்றும் மறுப்பு எழுந்தமையால், தறியிலும் தையல் இயந்திரத்திலும் காலால் இயக்கப்படும் உறுப்பை ஒப்புநோக்கி, ‘மிதிகட்டை’ என்பதே இங்குக் கொள்ளப்பட்டது. இக்கருவி கட்டையால் ஆனதன்று என்ற தடைக்கு விடை, கலைச்சொல் பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்ற விதி எந்தக் கலைச்சொற் குழுவையும் இதுவரை கட்டுப்படுத்தியதில்லை என்பதாம்.

வரலாற்றியல்

சிசெஸ்டர் பெல்லும் சார்லஸ் சம்னர் டெயின்டரும் 1886இல் காப்புரிமை பெற்ற கிராஃபோஃபோன் என்னும் ஒலிப்பதிவுக் கருவியின் தொடக்க வடிவங்களுள் ஒன்று, தையல் இயந்திரத்தைப் போலவே காலால் மிதித்து ஓட்டப்பட்டது. எனவே அலுவலக ஒலிப்பதிவின் முதல் ஆற்றல் மூலங்களில் ஒன்று கால் எனத் துணியலாம். கொலம்பியா நிறுவனம் 1907இல் பதிவுசெய்த ‘டிக்டஃபோன்’ என்னும் வணிகப்பெயர் பின்னர் அவ்வகைக் கருவிகள் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. ஒலியைப் பதிந்துவந்த மெழுகு உருளை போய் 1947இல் டிக்டபெல்ட் என்னும் ஞெகிழிப் பட்டை வந்தது. பட்டை போய் ஒலிநாடா வந்தது. நாடாவும் போய் ஒலிக்கோப்பு வந்தது. மேலே இத்தனை மாறியும் கீழே கால் மாறவில்லை: அமெரிக்க மருத்துவர் பேசிவைத்ததைச் சென்னையில் இருந்தபடி தட்டச்சு செய்த மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் அலுவலகங்களிலும் மேசைக்கடியில் மிதிகட்டை இருந்தது.

கணினியைப் பொறுத்தமட்டில், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ‘மவுஸ்’ என்னும் எலியைப் படைத்த டக்ளஸ் எங்கல்பார்ட் குழுவினர், அதனை வேறு சில கருவிகளோடு சோதித்து 1967இல் முடிவை வெளியிட்டபோது, போட்டியாளர்களுள் முழங்காலால் தள்ளும் நெம்புகோல் ஒன்றும் இருந்தது. புதிதாகப் பழகுவோரிடம் அம்முழங்கால் எலியை முந்தியது. பழகியவரிடம் எலி வென்றது. பின்னர் 1986இல் க்ளென் பியர்சன், மார்க் வைசர் ஆகிய இருவர் காலால் இயக்கும் சுட்டுக்கருவிகளை ஆராய்ந்து, எலி மேசைமேலும் இது மேசைக்கடியிலும் இருப்பதால் இதற்கு அகழெலி எனப் பெயரிட்டனர். உலகம் எலியை எடுத்துக்கொண்டு அகழெலியை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டது.

உறுப்பியல்

மிதிகட்டைக்கு இலக்கணம் எழுதப் புகுந்தோர் அது தமிழில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதைக் கண்டு வியந்தனர். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என யாப்பின் உறுப்புகள் ஆறு. இவற்றுள் எழுத்து திரையில் தோன்றுவது, அசை கால் செய்வது, சீர் பெட்டிக்குள் இருக்கும் விசைப்பொத்தான், தளை அதனைக் கணினியோடு பிணைக்கும் கம்பி, அடி வெளிப்படை, தொடை, மாலை ஐந்து மணிக்கு வலிப்பது. எங்கல்பார்ட்டின் முழங்கால் நெம்புகோல் அடிக்கும் தொடைக்கும் இடைப்பட்டதாகலின் யாப்பில் அதற்கு இடமில்லை. அது வழக்கொழிந்தமைக்கு வேறு காரணம் தேடவேண்டுவதில்லை.

இனி வகைப்பாடு. இருசீரான் வருவது குறளடி, முச்சீர் சிந்தடி, நாற்சீர் அளவடி, ஐஞ்சீர் நெடிலடி, அதற்கு மேற்பட்டது கழிநெடிலடி என்பது யாப்பு நூலார் துணிபு. பழைய அலுவலக மிதிகட்டை, நடுவே ஓட்டுதற்கும் இருபுறமும் முன்பின் தள்ளுதற்குமாக மூன்று சீர் பெற்று வருவதே பெருவழக்காதலின் அது சிந்தடியாம். இரண்டே உடைய எளிய வகை குறளடி. ஐந்துக்கு மேற்பட்ட பொத்தான்களை அடுக்கிய கழிநெடிலடியைக் குனிந்து பார்க்காமல் மிதிக்க முடியாதென்பதால், அது மேசைக்கடியில் அருகியது.

ஒற்றை அழுத்தம் நேரசை, அடுத்தடுத்த இரட்டை அழுத்தம் நிரையசை என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் அழுத்தும் உறுப்பு எது என்பதில் உரையாசிரியர் இரு பிரிவினராயினர். பெருவிரலே என்றார் ஒருவர். அவரை மறுத்துக் குதிகாலை நிறுவிய மற்றொருவர், தம் கொள்கைக்குத் தம்முடைய முந்தைய மூன்று கட்டுரைகளைச் சான்று காட்டினார்; அம்மூன்றும் ஒன்றையொன்று சான்று காட்டின. இருவரையும் மறுத்த மூன்றாமவர், மிதிகட்டையின் அடிப்புறத்தில் ஒட்டியிருந்து பாதி தேய்ந்த சீட்டை மூலபாடமாகக் கொண்டு, எஞ்சிய நான்கு எழுத்துகளுக்கு நாற்பது பக்கப் பதவுரை வரைந்தபின், அச்சீட்டு பழுதுபார்த்தவர் ஒட்டிய விலைச்சீட்டு எனத் தெரியவந்தது. அவருக்கு அதற்குள் பட்டம் வழங்கப்பட்டுவிட்டமையால் மூலபாடத்தைத் திருத்துவது முறையன்று என விடப்பட்டது. தொல்காப்பியத்தில் மிதிகட்டைக்கு நூற்பா இல்லை என்ற உண்மையும் கருத்தரங்குகளில் இன்னும் ஏற்கப்படவில்லை.

இடக்கால்

வலக்காலுக்குச் சொன்னதே கொள்க.

மாற்றியல்

பழைய மிதிகட்டையைத் திறந்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் சில பொத்தான்களும், அவற்றுக்குப் பொதுவான ஒரு கம்பியும், ஒவ்வொன்றிலிருந்தும் புறப்படும் தனிக்கம்பியுமே. எது எதனோடு சேர்கிறது என்பதை மல்டிமீட்டரின் ‘பீப்’ ஒலி காட்டிவிடும். அக்கம்பிகளை அர்டுயினோ லியோனார்டோ போன்ற, யுஎஸ்பி விசைப்பலகையாகத் தன்னைக் காட்டிக்கொள்ள வல்ல, சிறு மின்பலகையில் இணைத்துச் சில வரி நிரல் எழுதினால், தனி மென்பொருள் எதுவுமின்றிக் கணினி அதனை இன்னொரு விசைப்பலகை என்றே நம்பும். இவ்விணைப்பில், மிதிக்காதபோது ஒன்று என்றும் மிதித்தபோது பூச்சியம் என்றும் பதிவாவது வழக்கம்; இதற்கு வேதாந்த விளக்கம் தர முன்வந்தோரை மின்பணியாளர் தடுத்தனர்.

பொத்தானின் உலோகத் தகடுகள் சேரும்போது சில மில்லிநொடி துள்ளுவதால், ஒரு மிதி பல மிதியாகப் பதிவாகும். இது மிதியின் அளபெடை. அச்சிறு பொழுதில் வருவனவற்றைக் கணக்கில் கொள்ளாதே என நிரலில் விதித்துவிட்டால், யாப்பில் ஒற்றெழுத்து அலகு பெறாதது போல அவையும் ஒழியும்.

பயனியல்

சுட்டியை நகர்த்தும் நுண்ணிய வேலைக்குக் கால் உதவாது. அழுத்துதல், பிடித்திருத்தல், விடுதல் என்னும் மூன்றிலேயே அது வல்லது. ஆகவே கண்ட்ரோல் விசையை மிகுதியும் வேண்டி நிற்கும் ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியின் பயனர்க்கு, நோகும் சுண்டுவிரலின் சுமையைக் காலுக்கு மாற்றலாம். விம் என்னும் உரைத்தொகுப்பியின் பயனர், மிதித்தால் எழுதும் நிலையும் விட்டால் கட்டளை நிலையுமாக அமைத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கே உரிய பயன் ஒன்றுண்டு. 1999இல் உருவான தமிழ்99 விசைப்பலகையில் ஸ, ஷ, ஜ, ஹ முதலிய கிரந்த எழுத்துகள் ஷிஃப்ட் விசையோடு சேர்ந்தே வருவன. ஷிஃப்டை மிதிகட்டைக்கு ஒப்படைத்தால் அவ்வெழுத்துகளைக் காலால் மிதித்தன்றி எழுத இயலாது. தனித்தமிழ் அன்பர்க்கு இது மனநிறைவு தரும். மற்றவர்க்கு ஷாஜஹானைப் பற்றி ஒரு பத்தி எழுதினாலே நல்ல உடற்பயிற்சி.

முடிபு

பெயர், வரலாறு, உறுப்பு, மாற்றம், பயன் என்னும் ஐவகையாலும் நிறுவப்பட்ட இக்கொள்கை, நடைமுறையில் ஒரே ஒரு தடையால் தோற்றது: வழவழப்பான தரையில் மிதிகட்டையை ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அது ஒரு விரற்கடை முன்னே நகர்ந்து, பிற்பகலுக்குள் சுவரைச் சேர்ந்துவிடுகிறது. அகழெலிக்கு வளை வேண்டும் என்றும், தரைக்கு ஆணி வேண்டும் என்றும் உரையாசிரியர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, பல ஆண்டுகள் அதனை மிதித்தே பிழைத்த தட்டச்சர்கள் தீர்வை முன்பே அறிந்திருந்தனர். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஒரு கால்மிதியைக் கீழே போட்டு, அதன்மேல் பெடலை வைக்க வேண்டும்.