ஒரு கடிகாரமும் பல ஆட்சேபங்களும்

கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது இக்காலத்தில் சிரமமான காரியம் அன்று. கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம்' என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்து, பத்திரிகையில் இரண்டு பக்கம் படித்துவிட்டுத் திரும்பினால், பழையது போய்ப் புதியது வந்து, முன்பின் அறியாத மலைச்சிகரம் ஒன்றின் படத்தைத் திரையில் விரித்துக்கொண்டு நம்மை வரவேற்கும். இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்தில் கிடைப்பதைப் பெற்றுக்கொண்டு திருப்தியாக இருக்கும் உத்தமர்களுக்கு அத்துடன் விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால், யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ உற்சாகத்தில் எழுதி, மூலநிரலை உலக க்ஷேமத்தின் பொருட்டு வெளியிட்டுவிட்டு, பிறகு கல்யாணமாகியோ உத்தியோகம் கிடைத்தோ அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் போய்விட்ட ஒரு சிறு மென்பொருளிடம் மனத்தைப் பறிகொடுத்து, அந்த மூலநிரலைத் தம் கையாலேயே ஓடக்கூடிய நிரலாகக் கம்பைல் செய்து உபயோகித்துவரும் பிரகிருதிகள் சிலர் உலகில் உண்டு. அவர்களுடைய கர்மபலன் அந்தக் காப்பி ஆறுவதற்குள் ஆரம்பமாகிவிடும்.

அடியேன் அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்தவன். என் மனத்தைக் கவர்ந்தது ஒரு கடிகாரம். சட்டம் கிடையாது, தலைப்புப் பட்டை கிடையாது, பொத்தான்கள் கிடையா. திரையின் வலது மூலையில் ஒரு வெண்ணிற வட்டம், மூன்று முட்கள், கீழே சிறிதாக ஒரு தேதி. விநாடி முள் மட்டும் அடிக்கொரு தரம் திடுக்கிடாமல், வழுக்கிக்கொண்டே போகும். இதற்காக நான் படும் பாட்டைக் கண்டு என் அண்ணன் மகன், "மணிதானே சித்தப்பா பாக்கணும்? அதான் மேலயே ஓடிக்கிட்டிருக்கே!" என்று திரையின் உச்சியில் இருந்த எண்களைக் காட்டினான். நாலே முக்கால் என்பதை எண்ணில் படித்தால் ஐந்துக்கு இன்னும் எவ்வளவு என்று கழித்துப் பார்க்க வேண்டும், முட்களில் பார்த்தால் மிச்சமிருக்கும் பொழுது கால் வட்டமாகக் கண்ணுக்கே தெரிகிறது என்று அவனுக்கு விஸ்தாரமாக விளக்கினேன். அவன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சரி சித்தப்பா" என்றான். இந்தத் தலைமுறையினரிடம் இதைவிடக் கடுமையான மறுப்பு கிடையாது.

புதிய பதிப்பு வந்த அன்று என் கடிகாரத்தை எவரும் தொடவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வட்டில் இருந்த அதன் கோப்பில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது அதன் உறவு வட்டாரம். கூப்பிட்டவுடன், லிப்கிளேட் என்னும் லைப்ரரியைக் காணோம், ஆகையால் ஓட முடியாது என்று டெர்மினலில் ஒரே வரியில் தெரிவித்துவிட்டுக் கடிகாரம் ஒதுங்கிக்கொண்டது. மறுபடி கம்பைல் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

எழுத்துக்களை மட்டும் அச்சிடும் நிரலென்றால் இதில் அதிகப் பிரயாசை இராது. சி மொழியின் மூல லைப்ரரி ஒன்று இருந்தால் போதும். படமாகத் திரையில் தோன்ற வேண்டிய நிரலின் கதை வேறு. ஜன்னலைத் திறந்துவிட, 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் என்னும் ஏற்பாடோ, அதற்கு வாரிசாக வந்த வேலண்டோ வேண்டும். ஜன்னலுக்குள் இருப்பவற்றைப் பராமரிக்க ஜி.டி.கே. வேண்டும், பெர்க்லி மாணவர்களான பீட்டர் மாட்டிஸும் ஸ்பென்சர் கிம்பாலும் தங்கள் கிம்ப் என்ற சித்திர நிரலுக்காகச் செய்துகொண்ட அந்த உபகரணம், நாளடைவில் பிறந்த இடத்தை விடப் பெரிதாகிவிட்டது. வட்டத்தை வழவழப்பாக வரைய கைரோ, முகப்புப் படத்தை வாசிக்க லிப்ஆர்எஸ்விஜி, எழுத்துக்களை அடுக்க பாங்கோ. அந்தப் பாங்கோ தனியே வராமல் ஹார்ஃப்பஸ் என்பவரையும் அழைத்துக்கொண்டு வரும். 'கொ' என்று எழுதினால் கொம்பை முன்னும் காலைப் பின்னுமாக நிறுத்தும் வித்தை அறிந்தவர் அவர். தமிழ் திரையில் தமிழாகத் தெரிவதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் தேதிக்கு இரண்டு எண்களைத் தவிர எழுத்தென்று ஒன்றும் இல்லாத என் கடிகாரத்துக்கும் அந்த மகாவித்துவானின் பிரசன்னம் இன்றியமையாததாகிறது என்பதை நினைக்கும்போதுதான் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

கம்பைல் செய்வதன் முதற்படி 'கான்ஃபிகர்' என்ற நிரலை ஓடவிடுவது. தாசில்தார் கச்சேரிக்கு வருமானச் சான்றிதழ் கேட்டுப் போனவனை, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி விசாரித்து, ஒவ்வொரு பதிலையும் உரக்கப் படித்துப் பேரேட்டில் எழுதிக்கொள்ளும் பழைய காலத்துக் குமாஸ்தாவை இது ஒத்திருக்கிறது. கம்பைலர் இருக்கிறதா, இருக்கிறது. அது வேலை செய்கிறதா, செய்கிறது. அது செய்த கோப்பின் பெயர் எந்த எழுத்தில் முடிகிறது, 'ஓ' என்ற எழுத்தில். என் கடிகாரம் பிறந்த காலத்தில் வழங்கிய லிப்டூல் என்னும் துணைக்கருவிக்கு இன்னொரு வழக்கமும் உண்டு: நிரல் முழுவதும் சி மொழியில் இருந்தாலும், ஃபோர்ட்ரான் 77 கம்பைலர் இருக்கிறதா என்றும் ஒரு கேள்வி கேட்டுவைக்கும். வானிலை ஆராய்ச்சிக்கும் அணுக்கரு விவகாரங்களுக்கும் உபயோகமான மொழி அது; மூன்று முட்களைச் சுற்றிவிட அதனால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. இல்லை என்ற பதிலைக் குறித்துக்கொண்டு குமாஸ்தா மேலே நகர்ந்தார். மனவருத்தம் எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

விசாரணையின் முடிவில்தான் ஜி.டி.கே. இல்லை என்றார். "அது இருக்கிறது ஐயா, கண்முன்னே இருக்கிறது" என்று கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் லைப்ரரி இருப்பது வேறு, அதன் ஹெடர் கோப்புகள் இருப்பது வேறு. முன்னது ஓட்டுபவர்களுக்கு, பின்னது கம்பைல் செய்பவர்களுக்கு. பின்னதைப் பெயரின் வாலில் 'டெவ்' என்று ஒட்டித் தனிப் பொதியாக வைத்திருப்பார்கள். அதையும் வரவழைத்தேன். லிப்கிளேடுக்கு மட்டும் அந்த உபாயம் பலிக்கவில்லை. புதிய களஞ்சியத்தில் அந்தப் பெயரே இல்லை.

லிப்கிளேட் செய்துவந்த ஊழியம் எளியது. ஜன்னலில் எது எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பதைப் படித்து, அவ்வண்ணமே அமைத்துத் தரும். 2007-இல் வெளியான ஜி.டி.கே. 2.12, அதே வேலையைத் தானே செய்துகொள்ளும் பில்டர் என்ற அங்கத்தைப் பெற்றுவிட்டது. அன்றே லிப்கிளேடின் உத்தியோகம் போய்விட்டது என்று கொள்ளலாம். பழைய கோப்பைப் புதிய முறைக்கு மாற்றித்தர ஒரு சிறு கருவியையும் ஜி.டி.கே. குழுவினர் அளித்திருந்தார்கள். அதன் பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. அது பைத்தான் 2-இல் எழுதப்பட்டது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டபடியால், மாற்றித்தர வந்த கருவியையே முதலில் மாற்ற வேண்டியதாயிற்று. (இவ்வளவு பாடுபடுவதற்கு நேரே ஜி.டி.கே. 4-க்குத் தாவிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2011-இல் மூன்றும் 2020-இல் நான்கும் வந்தது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டிலிருந்து நான்குக்குப் போவதென்றால், நிரல் எழுந்து நிற்கும் முறையிலிருந்து படுக்கும் முறை வரை மாற்றி எழுத வேண்டும். முன்பெல்லாம் ஓர் அங்கத்தைச் செய்துவைத்து, 'தோன்று' என்று தனியாக உத்தரவு கொடுத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். நான்கில் அவை பெரும்பாலும் பிறக்கும்போதே தெரிகின்றன. எனக்குப் பழைய மரியாதையே பிடித்திருக்கிறது.)

லிப்கிளேடின் பெயரை நீக்கி, கான்ஃபிகரைப் புதிதாக உருவாக்கி வைத்துவிட்டு அன்றிரவு உறங்கினேன். மறுநாள் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. கான்ஃபிகர் கேட்கும் ஆரம்பக் கேள்விகளில், இந்தச் சூழ்நிலை சித்தசுவாதீனத்துடன் இருக்கிறதா என்பது ஒன்று. வேறு எந்தத் துறையிலும் வேலை தொடங்குமுன் இப்படி ஒரு பரிசோதனை நடப்பதாக நான் அறியேன். வழக்கமாகத் தானே கேட்டுக்கொண்டு தானே 'ஆம்' என்று சொல்லிக்கொண்டு போய்விடும். அன்று போகவில்லை, புதிதாகப் பிறந்த கோப்பு பழைய கோப்பைவிட வயதில் மூத்ததாக இருக்கிறது, உங்கள் கடிகாரத்தைச் சரிபாருங்கள் என்று நின்றுவிட்டது. பரிசோதனை இதுதான்: ஒரு புதுக் கோப்பை உண்டாக்கி, அதன் பிறந்த நேரத்தைக் கான்ஃபிகரின் நேரத்தோடு ஒப்பிடுவது, பிள்ளை தகப்பனுக்கு முன் பிறந்திருந்தால் மேலே எதையும் நம்ப முடியாது. விசாரித்ததில், இரவு மின்சாரம் போயிருக்கிறது. மதர்போர்டில் வெள்ளிக்காசு போல் பதிந்திருக்கும் பாட்டரி ஆயுள் முடிந்து கிடக்கிறது. ரௌட்டர் இன்னும் கண்விழிக்கவில்லையாதலால் இணையத்தில் மணி கேட்டுத் தெரிந்துகொள்ளவும் மார்க்கமில்லை. கணினி சில மாதங்கள் பின்னே போய் உட்கார்ந்திருக்கிறது. ஆக, கடிகாரம் கட்ட வேண்டுமானால் கையில் சரியான கடிகாரம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆத்திரம் வந்தது, ஆனால் சொல்லப்பட்டதில் ஒரு பிசகும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த விவகாரம் முழுவதிலும் என்னை வாட்டியது அதுதான். கணினி அநியாயமாகத் தடுத்தால் திட்டிவிட்டு ஆறுதல் அடையலாம். அது எழுப்பிய ஆட்சேபம் ஒவ்வொன்றும், சொன்ன தோரணை பொறுக்க முடியாததாயினும், விஷயத்தில் நியாயமாக இருந்து தொலைத்தது.

அடுத்த கட்டம் 'மேக்'. பெல் ஆய்வுக்கூடத்தில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கிய இந்தக் கருவிக்கு, கட்டளை வரி ஒவ்வொன்றும் டாப் என்னும் குறியோடுதான் தொடங்க வேண்டும். பார்வைக்கு டாப்பும் எட்டு இடைவெளிகளும் ஒன்றே. மேக்குக்கு அவை தேவாசுரர்களைப் போல் வேறு. இந்த வழக்கத்தைப் பின்னர் ஏன் மாற்றவில்லை என்றால், ஃபெல்ட்மன் தாமே சொல்லியிருக்கும் காரணம் உருக்கமானது: அதற்குள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர் உபயோகிக்க ஆரம்பித்துவிட்டார்களாம், பெரும்பாலும் சிநேகிதர்கள், அவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க மனம் வரவில்லையாம். அந்தப் பன்னிரண்டு பேரின் சௌகரியத்தை முன்னிட்டு, ஐம்பது ஆண்டுகளாக உலகம் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பிறகு ஜி.சி.சி. கம்பைலர் வாய் திறந்தது. கடிகாரத்தின் ஆசிரியர் ஒரு சொல்லின் நீளத்தை அளக்கும் ஃபங்ஷனை, அதன் ஹெடரைச் சேர்க்காமலே அழைத்திருந்தார். பழைய சி மொழியில் இது குற்றமன்று. அறிமுகமில்லாத ஃபங்ஷன் எதுவாயினும் அது ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் பெருந்தன்மையோடு அனுமானித்துக்கொள்ளும். 1999-ஆம் ஆண்டின் தரநிலை இந்தச் சலுகையை நீக்கிவிட்டது. நீக்கிய பிறகும் ஜி.சி.சி. வெறும் எச்சரிக்கையோடு விட்டுவந்தது. 2024 மே மாதம் வெளியான 14-ஆம் பதிப்பில்தான் அது பிழை என்று தீர்மானித்து வேலையை நிறுத்தத் தொடங்கியது. இருபத்தைந்து ஆண்டுகள் தவணை கொடுத்த ஒருவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அனுமானம் ஆபத்தானது என்பதும் உண்மையே: 64 பிட் கணினியில் ஒரு முகவரி எட்டு பைட், முழு எண்ணோ நான்கு. முகவரியைத் தரும் ஃபங்ஷனை முழு எண் தருவதாக நினைத்துக்கொண்டால், முகவரியில் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும்; மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நிரல் யார் வீட்டுக் கதவையோ போய்த் தட்டும். பழைய தயவைக் காட்டும்படி கேட்க ஒரு விசேஷ விருப்பமும் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்கக் கௌரவம் இடம் தராமல், விடுபட்ட ஹெடர்களை நானே ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்.

கடைசியாக, கம்பைல் செய்ததை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்க்கர். முட்கள் நிற்க வேண்டிய இடத்தைக் கணக்கிட, நிமிஷத்துக்கு ஆறு பாகை வீதம் கோணத்தை எடுத்து, அதன் ஸைனும் கோஸைனும் காண வேண்டும். அவை கணித லைப்ரரியில் இருக்கின்றன. முன்பு ஜி.டி.கே. தன் பின்னால் அதையும் இழுத்துக்கொண்டு வந்ததால் ஆசிரியர் அதைத் தனியாகக் கேட்கவில்லை. அந்நாளைய லிங்க்கரும் ஜாடையாகப் புரிந்துகொண்டது. இன்றைய லிங்க்கருக்கு ஜாடை புரியாது. கோஸைன் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று பெயர், இருப்பிடம் எல்லாவற்றையும் பிழைச்செய்தியில் தானே எழுதிக் காட்டி, ஆனால் இந்தக் கோப்பின் பெயரை நீங்கள் கட்டளையில் சொல்லவில்லை என்று முடித்தது. கட்டளையின் இறுதியில் எல், எம் என்ற இரண்டெழுத்தைச் சேர்த்தேன். முன்னால் போட்டால் சில கணினிகளில் செல்லாது; கேட்டவர் வந்த பிறகுதான் கொடுப்பவர் வர வேண்டும் என்பது அங்கே சம்பிரதாயம்.

கடிகாரம் எழுந்தது. அது எவர் எவருடைய தோளில் நிற்கிறது என்று பட்டியல் கேட்டேன். பட்டியல் திரையின் உயரத்தைத் தாண்டி ஓடியது. டெபியன் என்னும் இயங்குதளத் திட்டம் 2023 ஜூனில் தன் 12-ஆம் பதிப்பை வெளியிட்டபோது அதில் 64,419 பொதிகள் இருந்தன. பெரும்பாலும் தன்னார்வலர்களான சிலர், ஊதியமோ புகழோ எதிர்பாராமல், இதே ஹெடர்களையும் இதே இரண்டெழுத்துக்களையும் மற்றவர்களுக்காக ஓயாமல் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கடிகாரத்துக்குச் செய்துவிட்டு ஒரு கட்டுரை எழுதுகிறேன்.

விநாடி முள் வழுக்கிக்கொண்டு சென்றது. அதே சமயம் டெர்மினலில் ஒரு வரி தோன்றி, கான்பெரா என்னும் அங்கத்தை ஏற்ற முடியவில்லை என்று அறிவித்தது. பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று ஓசை எழுப்புவதற்காக ஏற்பட்டது அது. என் கடிகாரத்திலோ பொத்தானே இல்லை. அதுவரை வந்த ஆட்சேபங்களுக்கெல்லாம் நியாயம் கண்டு பணிந்துபோன நான், இதற்கு மட்டும் இணங்குவதில்லை என்று முடிவு செய்தேன். கான்பெரா ஆஸ்திரேலியாவிலேயே சௌக்கியமாக இருக்கட்டும்.