வேர்க்கால் காவலர்கள்

கேள்வி: மாடித்தோட்ட மண்ணில் கிருமி இருக்குமே! வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்துவிட்டுத் தக்காளி நட்டால் நோயே வராதுதானே?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: வரும். தைரியமாகவே வரும். திருடனோடு காவல்காரனையும் ஊரைவிட்டுத் துரத்தினால், முதலில் திரும்பி வருபவன் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஒரு கிராம் நல்ல மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா உண்டு. பெரும்பாலானவை உங்கள் தக்காளியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சில உதவும்; இலவசமாக அல்ல. இலையில் தயாராகும் சர்க்கரையில் ஒரு பங்கை வேர்வழியே கசியவிட்டுத்தான் செடி அவற்றைப் போஷிக்கிறது. அவற்றுள் சூடோமோனாஸ் கெட்டிக்காரப் பேர்வழி. வேரில் குடியேறினால் போதும், தான் தொட்டே பார்க்காத இலையையும் உஷார்படுத்திவிடும். கார்னேஷனிலும் வெள்ளரியிலும் 1991-இல் இதைக் கண்டறிந்தார்கள். நம்மூரில் நெல் விதைநேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் கலப்பதும் இந்த சூடோமோனாஸைத்தான், குலைநோய்க்கு எதிராக.

வெயில் தனிக்கதை. நோயை எதிர்க்கச் செடிக்குச் சாலிசிலிக் அமிலம் வேண்டும். அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடி, 28 டிகிரியிலேயே அதைச் சுரப்பதில் தடுமாறுகிறது. அந்தச் சுரப்பைத் தூண்டும் மரபணு வெப்பத்தில் ஒடுங்கிவிடுகிறது என்று 2022-இல் காட்டினார்கள். (28 டிகிரிக்கு மதுரைக்காரர்கள் போர்வை தேடுவார்கள், அது வேறு விஷயம்.)

தொட்டிக்கு மக்கிய தொழுவுரம், மேலே வைக்கோல் மூடாக்கு, சித்திரை வெயிலுக்கு நிழல்வலை. செய்து பாருங்கள்.