புல்வெட்டி தள்ளல்: மூன்று சூத்திரங்களும் உரையும்

ஈண்டு ஆராயப்படுவது மோட்டார் இல்லாத, உருளைக் கத்தி பூட்டிய, கையால் தள்ளும் புல்வெட்டி. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பக்கத்தில் வாழ்ந்த எட்வின் பட்டிங் 1830இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் பிசிறைக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து யோசனை பிறந்தது என்பர். நாட்டுப்புறக் கனவான்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு, உடற்பயிற்சியும்கூட என்று காப்புரிமை ஆவணத்திலேயே எழுதிவைத்தார். கனவான்கள் தள்ளினார்களா என்பது ஆய்வுக்குரியது. தோட்டக்காரர்கள் தள்ளினார்கள் என்பதற்கு ஆய்வு வேண்டா.

சூத்திரம் 1: ஈந்தது முழுதும் எய்தாது கருவி.

உரை: கைப்பிடி சாய்ந்திருப்பதால் கொடுத்த விசை இரண்டாகப் பிரியும். 45 பாகைச் சாய்வில் 100 நியூட்டன் விசை கொடுத்தால், முன்னே போவது 71. கீழே மண்ணுக்குப் போவதும் 71. கூட்டினால் 142 வருகிறதே, மிச்சம் 42 யார் கொடுத்தது என்பார்க்கு: திசை வேறான விசைகளை மளிகைக் கணக்குபோல் கூட்டலாகாது என்க.

சூத்திரம் 2: நிமிர்ந்த பிடியில் நிலைக்கும் வண்டி.

உரை: துருவேறிச் சக்கரம் சுழல மறுக்கிறது, உராய்வுக் குணகம் 0.5 என்று கொள்க. கைப்பிடி 64 பாகைக்கு ஏறிவிட்டால் எத்தனை பலம் கொண்டு அழுத்தினாலும் வண்டி அசையாது; தள்ளும் பலத்தை, அதுவே வளர்க்கும் உராய்வு விழுங்கிவிடும். பயில்வானுக்கும் இதே கதிதான். அவருக்குக் கொஞ்சம் கூடுதலாக வியர்க்கும், அவ்வளவே.

பரபக்கம்: அற்றேல், இழுப்பதே மேல். சாய்வாக இழுத்தால் விசையின் ஒரு பங்கு பொருளை மேலே தூக்கும், உராய்வு குறையும் என்று பிளஸ் ஒன் மாணவர்கள் தலைகீழாக ஒப்பிப்பார்களே?

சூத்திரம் 3: மண்ணிற் புகுந்ததே புல்லை அறுக்கும்.

உரை: மாணவர் சொல்வது மூட்டைக்குப் பொருந்தும், புல்வெட்டிக்குப் பொருந்தாது. இதில் கத்தியைச் சுற்றுவது சக்கரம். சக்கரம் மண்ணைப் பற்றினால்தான் பல்சக்கரங்கள் கத்தியை வேகமாகச் சுழற்றும். ஈரப்புல்லில் தள்ளிப் பாருங்கள்: சக்கரம் உருளாமல் சறுக்கும், கத்தி நின்றுவிடும், புல் பட்டைபட்டையாகப் படுத்துக்கிடக்கும், ஒரு நுனிகூட அறுபட்டிராது. பின்னோக்கி இழுத்தாலோ, பெரும்பாலானவற்றில் சக்கரம் ‘டக் டக்’ என்று ஓடும், கத்தி சும்மா இருக்கும். ஆகவே மண்ணுக்குப் போன 71 நியூட்டன் வீண்செலவன்று, வெட்டுக்கூலி என்பது பெறப்படும்.

ஐயம்: புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டீர், இடப்பெயர்ச்சி சுழி, ஆகவே செய்த வேலையும் சுழி என்று நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்தவர் வாதிடுவர்.

தெளிவு: உராய்வு போகும்போதும் எதிர்க்கும், வரும்போதும் எதிர்க்கும், வாங்கிய வேலையைத் திருப்பித் தரும் வழக்கம் அதற்கில்லை. நாற்காலிக்காரர் கணக்கில் விசையும் சுழி, தொலைவும் சுழி. பெருக்கிப் பார்க்கத் தேவையில்லை.