சும்மா நிற்கும் டாக்டர்

1986-ல் நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த மாவட்ட மருத்துவமனையில், கேஷுவாலிட்டி டாக்டரின் திறமையை வாசலில் நின்றே எடைபோட்டுவிடுவார்கள். எத்தனை ஊசி, எத்தனை பாட்டில், எவ்வளவு சத்தம், அவ்வளவுதான் கணக்கு. அடிபட்டவர் டாக்சியிலோ லாரியிலோ வந்து இறங்குவார். ஆம்புலன்ஸ் என்பது எங்களிடமிருந்து ஆளை மதுரைக்கு ஏற்றிப்போகும் வண்டி. எங்களிடம் யாரையும் அது கொண்டுவந்ததாக நினைவில்லை.

ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் மச்சம், தழும்பு என்று அங்க அடையாளம் இரண்டு எழுதுவதற்குள் சிஸ்டர் இரண்டு கையிலும் டிரிப் போட்டிருப்பார். அப்போது கண்ணாடி பாட்டில். தலைகீழாகத் தொங்கும் பாட்டிலின் ரப்பர் மூடியில் காற்றுக்காக இன்னொரு ஊசி குத்தியிருக்கும். உள்ளே குமிழ் மளமளவென்று ஏறினால் சொந்தக்காரர்கள் முகத்தில் தெம்பு வரும். எங்களுக்கும்தான். பி.பி. ஏறும்வரை சலைன், அப்புறம் இன்னும் கொஞ்சம் சலைன்.

தலையில் அடியா, உடனே டெக்சா என்ற ஸ்டீராய்டு ஊசி. மூளை வீங்கும், ஸ்டீராய்டு வீக்கத்தை வடிக்கும். தர்க்கத்தில் ஓட்டையே கிடையாது. இதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்டால் சீஃப் மேலும் கீழும் பார்ப்பார். உயிர் ஊசலாடும்போது ஆராய்ச்சி என்ன வேண்டிக்கிடக்கிறது?

முதலில் சலைனில் கை வைத்தது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம். உடம்பில் கத்தியோ குண்டோ பாய்ந்து பி.பி. இறங்கியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். இரட்டைப்படைத் தேதியில் அடிபட்டவருக்கு ஆம்புலன்ஸிலேயே சலைன். ஒற்றைப்படைத் தேதிக்காரருக்கு ஆபரேஷன் தியேட்டர் போகும்வரை ஊசியை மட்டும் செருகிவைத்துவிட்டுக் காத்திருப்பு. (நம் ஊரில் அஷ்டமி, நவமி பார்ப்பதைக் கேலி செய்த நண்பர்கள் இதைக் கேட்டதும் கொஞ்சம் அடங்கினார்கள்.) மொத்தம் 598 பேர். 1994-ல் முடிவு வெளியானபோது, உடனே சலைன் வாங்கியவர்களில் 62 சதவீதமும் காக்க வைக்கப்பட்டவர்களில் 70 சதவீதமும் பிழைத்திருந்தார்கள். காரணம் பெரிய சூட்சுமம் இல்லை. ஓட்டை அடைபடுமுன் அழுத்தத்தை ஏற்றினால் உறைந்த ரத்தம் பிய்த்துக்கொள்கிறது. மிச்ச ரத்தமும் நீர்மோர் பதத்துக்கு வந்துவிட்டால் மறுபடி உறைவது எப்படி?

டெக்சாவின் கதை இதைவிடச் சங்கடமானது. லண்டனிலிருந்து ஐயன் ராபர்ட்ஸும் அவர் குழுவும் ‘கிராஷ்’ என்ற ஆய்வை நடத்தினார்கள். டெக்சாவின் பங்காளியான மெத்தில்பிரட்னிசலோன் பாதிப் பேருக்கு, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மருந்து மீதிப் பேருக்கு. இருபதாயிரம் பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 49 நாடுகளில் 10,008 பேர் சேர்ந்த நிலையில் 2004-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பக்கம் நூற்றுக்கு 21, வெறும் மருந்துப் பக்கம் 18. முப்பது வருஷமாக உலகம் முழுக்கப் போட்ட ஊசி! சீஃப் அதற்குள் ரிட்டயராகியிருந்தார்.

ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அதே குழு 2010-ல் டிரானெக்ஸாமிக் அமிலத்தை இருபதாயிரத்துச் சொச்சம் பேரிடம் சோதித்து, ரத்தம் கொட்டுபவருக்கு அது உயிர் காக்கும் என்று காட்டியது. மாதவிடாய்ப் போக்குக்கு எழுதிக்கொடுக்கும் அதே மலிவு மருந்துதான். ஒரே ஒரு நிபந்தனை: மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாண்டினால் கெடுதலாகவும் முடியலாம். எங்கள் காலத்தில் லாரி கிடைக்கவே அவ்வளவு நேரம் ஆகும். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் அந்த நிபந்தனைக்கே நம் பக்கத்தில் அர்த்தம் வந்தது.

இப்போது என் தங்கை மகன் அவசர சிகிச்சை டாக்டர். அவன் டியூட்டியில் இருந்த ஒரு ராத்திரி அங்கே போயிருந்தேன். நெஞ்சுவலி என்று ஒரு பெரியவர். ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, ஆஸ்பிரின் கொடுத்தாயிற்று, கேத் லேபுக்குச் சொல்லியாயிற்று. எல்லாம் சத்தமில்லாமல் சில நிமிஷத்தில். அப்புறம் மானிட்டரைப் பார்த்தபடி நின்றான்.

“என்ன சார், ஆக்ஸிஜன்கூட வைக்காம வேடிக்கை பார்த்துட்டு நிக்கிறீங்க?” என்று பெரியவரின் மகன் சீறினார்.

“சேச்சுரேஷன் 97 இருக்கு சார். தேவையில்லை.”

ஸ்வீடனில் 6,629 பேரிடம் பார்த்துவிட்டார்கள். சேச்சுரேஷன் குறையாதவருக்கு ஆக்ஸிஜன் கொடுத்தும் சாவு குறையவில்லை. 2017-ல் வந்த அந்த முடிவை அந்த வாசலில் நின்று யார் விளக்குவது? கொரோனாவுக்கு அப்புறம் வீட்டுக்கு வீடு ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. 97-ஐ 100 ஆக்கச் சொல்லிச் சண்டைக்கு வருகிறார்கள்.

கேத் லேப் ஆட்கள் வருவதற்குள் மருமகன் சிஸ்டரிடம் ஏதோ சொன்னான். ஒரு சலைன் பாட்டில் வந்து தொங்கியது. திருகை நன்றாக இறுக்கி, நிமிஷத்துக்கு எட்டுச் சொட்டு வைத்தான்.

“இது யாருக்குடா?” என்றேன்.

“வெளியில நிக்கிறவங்களுக்கு, மாமா.”