வைப்பர் சத்தம் சரியில்லை

கள்ளக்குறிச்சி இன்னும் விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு மூலையாக இருந்த காலத்தில், பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில், ஈமெயில் பார்க்க வருகிறவர்களைவிடத் தேர்வு முடிவு பார்க்க வருகிறவர்களே அதிகமாக இருந்த ஒரு ப்ரௌசிங் சென்டரில், சுவரோரக் கணினியில் மட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004 என்ற விமானம் ஓட்டும் விளையாட்டு இருந்தது. ரைட் சகோதரர்கள் பறந்த நூற்றாண்டை ஒட்டி 2003-லேயே வெளிவந்த பதிப்பு. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கணினி இருந்திருக்கும், அதன் கீபோர்டிலும் ஏதோ ஓர் எழுத்து தேய்ந்து போயிருக்கும். எங்களுடையதில் தேய்ந்தது ‘ஜி’. சக்கரத்தை மடக்க அதைத்தான் அழுத்த வேண்டும். சின்ன செஸ்னாவுக்குச் சக்கரம் மடங்கவே மடங்காது என்பது தெரியாமல், ஏறியதும் முதல் வேலையாக அதைப் பயபக்தியோடு அழுத்திய விமானி நான்.

மீனம்பாக்கத்தில் எஃப்-4 தட்டி முழு வேகம் கொடுத்து, தென்மேற்கே மூக்கைத் திருப்பினால், கள்ளக்குறிச்சி இருக்க வேண்டிய இடத்துக்கு நேர்கோட்டில் 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. செஸ்னாவின் வேகத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கட்டிய காசுக்கும் அதே ஒரு மணி நேரம்தான் என்பதால், ஊர் வந்து சேர்வதும், கடைக்கார அண்ணன் “தம்பி, டைம் முடிஞ்சிருச்சு” என்று குரல் கொடுப்பதும் ஒன்றாகவே நடக்கும். இருக்க வேண்டிய இடம் என்று சொன்னது ஏனென்றால், அங்கே ஊர் கிடையாது. எந்த நாட்டுக்கும் பொருந்துகிற பொதுவான பச்சை வயல், மேற்கே மழுங்கலாக ஒரு மேடு, அவ்வளவுதான். அந்த மேட்டைக் கல்வராயன் மலை என்று நாங்களாக முடிவு செய்தோம். அடிவாரத்தில் கோமுகி அணையை நாங்களே கட்டினோம், கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குப் புகை வைத்தோம், மேலே வெள்ளிமலைக்கு வளைவு வளைவாக ரோடு போட்டோம், மேகம் அருவியில் தண்ணீர் விட்டோம். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளி ஒரு பச்சைச் சதுரத்தைத் தொட்டு, “டேய், இது எங்க மாமா கொல்லைடா” என்பான். யாரும் மறுத்ததில்லை. அவன் மாமாவுக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம்.

எங்களுக்கு முந்திய தலைமுறை இதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு இதைவிடக் கூடுதலாகச் சந்தோஷப்பட்டிருக்கிறது. புரூஸ் ஆர்ட்விக் உருவாக்கிய இதே விளையாட்டை மைக்ரோசாஃப்ட் 1982-ல் முதன்முதலாக விற்றபோது, சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு விமான நிலையத்திலிருந்து கிளம்பினால், சில கோடுகள் ஏரி, சில கோடுகள் நகரம்.

பிறகு 2020 பதிப்பு வந்தது. செயற்கைக்கோள் படங்களைத் தரையாக விரித்து, அந்தப் படங்களைப் பார்த்தே ஆஸ்திரியாவின் பிளாக்ஷார்க் நிறுவனத்தின் மென்பொருள் சுமார் 150 கோடிக் கட்டடங்களை எழுப்பிக் கொடுத்தது. உலகத்தில் எவன் வீட்டுக் கூரையும் தப்பவில்லை. உடனே உலகம் என்ன செய்தது? தன் வீட்டுக்கு மேல் பறந்து பார்த்துவிட்டு, மாடி எண்ணிக்கை தப்பு என்றது. பக்கிங்ஹாம் அரண்மனை ஆபீஸ் கட்டடம் மாதிரி நின்றது. மெல்பர்ன் புறநகரில் 212 மாடிக் கோபுரம் ஒன்று ஊசியாக எழுந்தது. பொதுமக்கள் சேர்ந்து தொகுக்கும் வரைபடத்தில் யாரோ 2 என்பதை 212 என்று தட்டியதன் விளைவு. கோபுரத்தைப் பார்க்கவே ஆட்கள் விமானத்தை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதில்தான் பழைய மனிதர்கள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறார்கள் என்று எனக்கு நம்பிக்கை.

நான் அந்த மிச்சத்தில் சேர்த்தி இல்லை. வருகிற சம்பளத்தில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு கம்பெனி இந்த விளையாட்டுக்கென்று தனியாக விற்ற விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். காக்பிட்டில் பித்தான்கள் ஒவ்வொன்றும் அழுந்தும், விளக்குகள் எரியும், திருகாணியின் துரு வரைக்கும் தெரியும். போன மழைக்காலத்தில், இரவு பதினொரு மணிக்கு, வைப்பர் சத்தம் நிஜ விமானத்தில் இருப்பதுபோல் இல்லை என்று அவர்களுக்கு நீண்ட புகார் எழுதினேன். நிஜ விமானத்தின் வைப்பரை நான் எங்கே கேட்டேன் என்று நல்லவேளை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த அப்டேட்டில் சரிசெய்கிறோம் என்று மரியாதையாகப் பதில் போட்டார்கள். அந்த மரியாதைதான் என்னைக் கெடுக்கிறது. திரையில் தெரியும் பனைமரம் பற்றியும் அடுத்து எழுதலாமா என்று யோசிக்க வைக்கிறது.

புகார் எல்லாமே கொழுப்பு என்று சொல்ல வரவில்லை. 2024 நவம்பர் 19 அன்று அடுத்த பதிப்பு வெளியானபோது, உலகத்தையே கணினியில் இறக்கிவைக்காமல் தேவைப்படும்போது இணையத்தில் வரவழைப்பது என்ற ஏற்பாட்டால், காசு கொடுத்தவர்கள் வரிசையில் காத்திருந்து, 97 சதவீதத்தில் நின்றுபோன திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் திட்டுகள் குவிந்தன. தயாரித்த அசோபோ நிறுவனத்தின் தலைவர் செபாஸ்டியன் வ்லோக்கும், மைக்ரோசாஃப்ட்டின் யோர்க் நியூமனும் வீடியோவில் வந்து, இரண்டு லட்சம் பேர் நுழைவதாகப் பாவித்துச் சோதித்தும் சர்வர் தாங்கவில்லை என்று விளக்கினார்கள். அன்றைக்குத் திட்டியவர்கள் பக்கம்தான் நியாயம். எங்கள் ப்ரௌசிங் சென்டர் அண்ணன்கூட, கரண்ட் போனால் மீதி நேரத்தை அடுத்த நாள் கணக்கில் சேர்ப்பார்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நான் கேட்டது ஒரு மேடு. இன்று மலையின் ஒவ்வொரு மடிப்பும் திரையில் இருக்கிறது, நான் கட்டிய அணையும் போட்ட ரோடும் அதற்குள் எங்கேயும் இல்லை. இதை யாருக்குப் புகாராக எழுதுவது?

2019-லிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். அதற்குள் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. மென்பொருள் படித்த நம்மூர்ப் பிள்ளைகள் யாராவது அதை அச்சு அசலாகச் செய்து விற்றால், பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன். குறை சொல்லிக் கடிதமும் கட்டாயம் வரும், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.