டைனமோ கட்சிக்காரர்

எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் லாரி ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், டிரைவர் முதலில் திட்டுவது பேட்டரியை. அடுத்துத் தேடுவது நெட்டுக்குப்பம் சாலையோரத்து ஆட்டோ எலெக்ட்ரீஷியனை. வடசென்னை முழுக்க இந்த ரகம் உண்டு. கையில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். அதுதான் அவருக்கு மீட்டர். மல்டிமீட்டரும் வைத்திருக்கிறார், ஆயுத பூஜைக்கு.

"பேட்டரி பூட்சுண்ணே" என்றால் கோபம் வரும். "யாரு சொன்னா? எர்த்தைப் பாத்தியா?" என்பார். அதில் தப்பில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் முகத்துவாரம். உப்புக் காற்றில் டெர்மினல் பச்சைப் பூப்பூக்கும், எர்த் பட்டைக்கு அடியில் துரு ஏறும். வெந்நீர் ஊற்றிச் சுரண்டி கிரீஸ் தடவினால் பாதி வண்டிகள் அதிலேயே உறுமிவிடும். அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆன ஊர்க்காரர் இல்லையா! பெயர் மாற்றத்துக்கே தான் கையெழுத்துப் போட்டது போல ஒரு தோரணை.

ஆனால் ஆல்டர்னேட்டர் என்ற பேச்சை எடுத்தால் மனிதர் எதிர்க்கட்சி. "அது பேட்டரிகிட்ட கடன் வாங்கித்தான் தொழிலே ஆரம்பிக்கும். டைனமோ அப்படியா? உள்ள மிச்சமிருக்கிற காந்தத்தை வெச்சே எழுந்துக்கும்!" உண்மைதான். மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் ஏற்றாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். துறைமுக வரிசையில் இரவெல்லாம் ஊரும் லாரிக்கு டைனமோ மாட்டினால், விடிவதற்குள் ஹெட்லைட் மின்மினிப்பூச்சி ஆகிவிடும்.

செஸ்னா 152 என்ற குட்டி விமானத்திலும் லாரியைப் போலவே 24 வோல்ட் பேட்டரி, 28 வோல்ட் ஆல்டர்னேட்டர் என்று யாரோ அவரிடம் சொல்லித் தொலைத்தார்கள். அன்று முதல் தலைக்கு மேல் போகும் ஏர்பஸ்கூட அவர் கிராக்கிதான். பேட்டரி சுத்தமாகச் செத்த குட்டி விமானத்தைக் கையால் சுற்றிக் கிளப்பலாம். மேக்னெட்டோ தானே பொறி தரும், இன்ஜின் ஓடும். ஆல்டர்னேட்டர் மட்டும் கண் திறக்காது. பழைய டைனமோ விமானம் என்றால் சார்ஜ் ஏறும். "ஆகாசத்துலயும் நம்ம கட்சிதான் தம்பி!"

அந்த செஸ்னாவில் பெல்ட் மாற்ற முன்னால் இருக்கும் புரொப்பல்லரையே கழற்ற வேண்டும், உரிமம் பெற்ற இன்ஜினீயர் கையெழுத்து வேண்டும் என்று கேட்டதும் அரைக் கிளாஸ் டீ அப்படியே நின்றது. "இன்னாபா இது? இங்க ஃபேனைத் தாண்டி ஒரு சுழட்டு, மாட்டியாச்சு. கையெழுத்து எதுக்கு?"

அவரிடம் கையெழுத்து கேட்காமல் இருப்பதே நல்லது. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்குவது அவருடைய பரம்பரைச் சோதனை. டைனமோ அதையெல்லாம் தாங்கிக்கொண்டது. ஆல்டர்னேட்டரில் பேட்டரி விலகியதும் வோல்டேஜ் எகிறும், டயோடு கருகும். "பாத்தியா, எவ்ளோ நோஞ்சான்!" என்று ஜெயித்த முகத்தோடு நிமிர்வார். டயோடுக்குத் தனிக் காசு. எர்த் சுரண்டியது இலவசம்.